பறக்கும் தட்டும் பாட்டாவின் சாட்சியமும்

1

பறக்கும் தட்டு எனக்குக் கிடைத்தது ஒரு பழைய வார இதழின் துணுக்குப் பக்கத்தில். கோயிலை ஒட்டியிருந்த வாசகசாலையில், அட்டை கிழிந்த இதழ்களைக் கட்டிப் போட்டிருந்த மூலையில் அது கிடந்தது. எனக்கு அப்போது பதினொரு வயது. அமெரிக்காவில் ஒருவர் வானத்தில் தட்டுகளைப் பார்த்தாராம். ஒன்றல்ல, ஒன்பது. வேற்றுக் கிரகத்திலிருந்து வந்தவையாக இருக்கலாமாம். துணுக்குக்குக் கீழே, கவிழ்த்து வைத்த சாப்பாட்டுத் தட்டு மாதிரி ஒரு படம். அதில் வட்ட வட்டமாக ஜன்னல்கள். படித்து முடித்தபோது எனக்கு ஆச்சரியத்தைவிட நிம்மதிதான் அதிகமாக இருந்தது. 'அப்போ நான் பாத்தது இதுதான்' என்று தோன்றியது. காரணம், அதற்கு மூன்று வருடம் முன்பே நான் வானத்தில் ஒன்றைப் பார்த்து, அதைப் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லி, முட்டங்கால் போட்டு நின்றவன்.

இந்தக் கட்டுரை அந்த நிம்மதியைப் பற்றியது. ஒரு சொல் எப்படி ஒரு காட்சியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது, வானத்தைப் பார்த்தவர்களில் யாருடைய பேச்சு சாட்சியமாகிறது, யாருடையது புரளியாகிறது என்பதைப் பற்றியது. சொந்தக் கதையிலிருந்து தொடங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. இதில் தவறு செய்தவர்களின் வரிசையில் நானும் இருக்கிறேன்.

2

முட்டத்துக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊர். 1970-ஐ ஒட்டிய வருடம். எனக்கு எட்டு வயது. பாட்டா கடலுக்குப் போவதை ஏறக்குறைய நிறுத்தியிருந்தார். சாயங்காலங்களில் கரையேற்றி வைத்த கட்டுமரத்தில் சாய்ந்துகொண்டு கிழிந்த வலையைச் சரிசெய்வார். நான் பக்கத்தில் மணலில் மல்லாந்து கிடப்பேன். கரண்ட் ஊருக்குள் நாலைந்து வீட்டில்தான் இருந்தது. இன்றைய பிள்ளைகளுக்கு அந்த இருட்டைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. வானம் தலைக்கு மேலே இருக்கிற ஒன்றாகத் தெரியாது. நாம் அதற்குள்ளே கிடக்கிற மாதிரி இருக்கும்.

பாட்டா நட்சத்திரம் என்ற சொல்லைப் பயன்படுத்தமாட்டார். எல்லாம் அவருக்கு வெள்ளிதான். விடிவெள்ளி; தெற்கே தாழ்ந்து நிற்கும் குரிசு வெள்ளி. கூட்டமாக இருப்பது ஆறாமீன். இவை அவருக்கு அழகு பார்க்கிற பொருள்கள் அல்ல. எது எப்போது எழும், எது எங்கே விழும் என்பதை வைத்து இரவில் நேரமும் திசையும் பிடிப்பார். பகலில் அதற்குக் கணியம் உண்டு. கடலுக்குள் போனபிறகு, கரையில் தெரியும் கோயில் கோபுரத்தையும் அதற்குப் பின்னால் தெரியும் மலையையும் ஒரே நேர்கோட்டில் கொண்டுவர வேண்டும். இன்னொரு பக்கம் வேறொரு மலையையும் தென்னந்தோப்பையும் அப்படியே நேராக்க வேண்டும். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் தண்ணீருக்கு அடியில் பார் இருக்கும், பாரில் மீன் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத இடத்தைத் தெரிகிற இரண்டு இடங்களை வைத்துக் கண்டுபிடிப்பது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அன்று சூரியன் விழுந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. கடல் கறுத்துவிட்டது. வடமேற்கே, நல்ல உயரத்தில், செம்மஞ்சள் நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. மேகம் மாதிரி இல்லை. தன்னாலேயே எரிகிற மாதிரி இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பருத்தது. ஒரு இடத்தில் இடப்பக்கம் வளைந்தது, அதற்கு மேலே வலப்பக்கம் வளைந்தது. பாட்டி வாசலிலேயே முழந்தாளிட்டு செபமாலையை எடுத்துவிட்டாள். ஊரில் பாதிப்பேர் கரைக்கு வந்துவிட்டார்கள். பாட்டா வலையைக் கீழே வைத்துவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் பார்த்தார். பிறகு சொன்னார்:

"பாத்தியா மக்கா, பாம்பு மாரி நெளியுது. அங்க காத்து ரெண்டு விதமா அடிக்குது. அடியில ஒரு காத்து, அதுக்கு மேல எதுத்தாப்புல இன்னொரு காத்து."

அது என்ன என்று கேட்டேன். மேற்கே தூரத்தில் ஏதோ கப்பல் தீப்பிடித்திருக்கும், அதன் புகையாக இருக்கும் என்றார். அரைமணி நேரத்தில் அது வெளுத்து, கலைந்து, இல்லாமல் போய்விட்டது.

மறுநாள் வகுப்பில் சொன்னேன். எந்தக் கப்பலும் எரியவில்லை, பத்திரிகையில் ஒன்றும் வரவில்லை என்றார் ஆசிரியர். நான் பிடிவாதமாக நின்றதால் முட்டங்கால். விஷயம் தெரிந்து பாட்டா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். துவர்த்தைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, "பய பொய் சொல்லல்ல சார், நானும் பாத்தேன்" என்றார். "நீர் கடலைப் பாரும், வானத்தை நாங்க பாத்துக்கிடுதோம்" என்று பதில் வந்தது. வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேனா என்பது எனக்கு நினைவில்லை. சிரிக்கவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

3

இப்போது அந்த ஒன்பது தட்டுகளுக்கு வருவோம்.

1947 ஜூன் 24 அன்று கென்னத் ஆர்னால்ட் என்ற அமெரிக்க வியாபாரி, தானே ஓட்டிய சிறு விமானத்தில் வாஷிங்டன் மாநிலத்தின் ரெய்னியர் மலைக்கு அருகே போய்க்கொண்டிருந்தபோது, ஒன்பது பொருள்கள் வரிசையாகப் பெருவேகத்தில் பறந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். அவை தட்டு வடிவத்தில் இருந்தன என்பது அவர் சொன்னதன் சாரம் அல்ல. நீர்ப்பரப்பின் மேல் ஒரு சாசரை வீசியெறிந்தால் எப்படித் தத்தித் தத்திப் போகுமோ அப்படிப் போயின என்பதே அவர் தந்த உவமை. அதாவது உவமை அசைவுக்கு. பிற்பாடு அவர் வரைந்து காட்டிய உருவம் பிறைபோல இருந்தது. ஆனால் செய்தி தந்தி வழியே ஊர் ஊராகப் போனபோது அசைவின் உவமை வடிவத்தின் பெயராகிவிட்டது: பறக்கும் சாசர். அதே ஆகஸ்டில் கேலப் நடத்திய கருத்துக்கணிப்பில் அமெரிக்கர்களில் பத்தில் ஒன்பது பேர் இந்தச் சொல்லைக் கேள்விப்பட்டிருந்தார்கள். அதன்பின் மக்கள் வானத்தில் கண்டவை பெரும்பாலும் பிறைகள் அல்ல, தட்டுகள்.

தமிழுக்கு வந்தபோது இன்னொரு நகர்வு. சாசர் நமக்குக் காப்பிக் கடைப் பொருள். அதுகூட எல்லார் வீட்டிலும் கிடையாது. மொழிபெயர்த்தவர் அதைத் தட்டு என்றார். கோப்பைக்கு அடியில் இருந்தது சோறு போடுகிற பாத்திரமாகிவிட்டது. சொல்லப்போனால், நாம் இரவல் வாங்கிய வானத்தில் நம் வீட்டு எவர்சில்வர் பறந்தது.

கார்ல் யுங் 1958-ல் பறக்கும் தட்டுகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவை உண்மையா பொய்யா என்பதைவிட, மனிதர்கள் ஏன் அவற்றைக் காண்கிறார்கள் என்பதே அவருடைய கேள்வி. உலகம் இரண்டு முகாம்களாகப் பிளந்து அணுகுண்டுக்கு அஞ்சிக் கிடந்த காலத்தில், பிளவுண்ட மனம் முழுமையின் குறியீடான வட்டத்தை வானத்தில் எறிந்து பார்க்கிறது என்பது அவர் வாசிப்பு. இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த வட்டத்தின் பெரும்பங்கு ஆழ்மனத்திலிருந்து வந்ததா, தலைப்புச் செய்தியிலிருந்து வந்ததா என்று கேட்கத் தோன்றுகிறது. ஆதி படிமம் என்று நாம் கருதுவது சில சமயம் நேற்றைய அச்சுப் படிமமாகவும் இருக்கக்கூடும்.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. எனக்கும் அதுதான் நடந்தது. அந்தத் துணுக்கைப் படித்த பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, நான் கண்டதை எழுத ஆரம்பித்தேன். முதல் பக்கத்தில் 'நீளமான ஒளி' என்று எழுதினேன். சில மாதம் கழித்து 'நீள்வட்டம்'. ஒன்பதாம் வகுப்பு வந்தபோது அது வட்டமாகி, நண்பர்களிடம் சொல்லும்போது ஓரத்தில் சிறு வெளிச்சங்களும் முளைத்திருந்தன. நான் பொய் சொல்லவில்லை, கண்ணை மூடினால் அந்த ஜன்னல்கள் எனக்குத் தெரிந்தன.

4

அடையாளம் காணப்படாத பறக்கும் பொருள் என்ற தொடரை அமெரிக்க விமானப்படை தன் விசாரணைகளுக்காக வழக்கத்துக்குக் கொண்டுவந்தது. 1948-ல் தொடங்கி வெவ்வேறு பெயர்களில் நடந்த அந்த விசாரணை, 1952 முதல் 1969 வரை 'புளூ புக்' என்ற பெயரில் நடந்தது. மொத்தம் 12,618 தகவல்கள். கடைசிவரை விளக்கம் கிடைக்காதவை 701. பறக்கும் தட்டு ஆர்வலர்கள் இந்த 701-ஐப் பிடித்துக்கொள்கிறார்கள், பகுத்தறிவாளர்கள் மீதி 11,917-ஐப் பிடித்துக்கொள்கிறார்கள். இரு தரப்பும் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு: அடையாளம் காணப்படாதது என்றால் யாரால்?

1948 ஜனவரி 7 அன்று தாமஸ் மேன்டல் என்ற விமானி, கென்டக்கி வானில் தெரிந்த ஒரு பளபளக்கும் பொருளைத் துரத்தி, ஆக்சிஜன் இல்லாத உயரத்துக்குப் போய், விமானம் விழுந்து இறந்தார். அவர் துரத்தியது வெள்ளிக் கிரகம் என்று முதலில் சொல்லப்பட்டது. அமெரிக்கக் கடற்படை ரகசியமாகப் பறக்கவிட்ட 'ஸ்கைஹுக்' என்ற ராட்சத பலூனாக இருக்கும் என்றே பின்னர் பெரும்பாலும் கருதப்பட்டது. ஒரே அரசின் ஒரு கை விட்ட பலூனை மற்றொரு கை துரத்தியிருக்கிறது. 1947-ல் ராஸ்வெல் அருகே விழுந்து, இன்றுவரை வேற்றுக் கிரகக் கதையாக விற்பனையாகும் பொருள், சோவியத் அணுவெடிப்புகளை ஒட்டுக்கேட்க விடப்பட்ட 'மோகல்' திட்டத்தின் பலூன் என்று விமானப்படை ஒத்துக்கொண்டது 1994-ல்.

அடுத்தது யு-2. 1955 ஆகஸ்டில் முதன்முதலாகப் பறந்த இந்த உளவு விமானம் 60,000 அடிக்கு மேலே போகக்கூடியது. அந்த உயரத்தில் ஒரு விமானம் பறக்கமுடியும் என்றே அன்று பொதுமக்களுக்குத் தெரியாது. சூரியன் விழுந்து தரை இருண்டபிறகும் அவ்வளவு உயரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்; வெள்ளி நிற இறக்கைகள் அதில் நெருப்பாகத் தெரியும். கீழே தாழப் பறந்த பயணி விமானங்களின் விமானிகள் இதைப் பார்த்துத் தகவல் தந்தார்கள். 1950-களின் பிற்பகுதியிலும் 1960-களிலும் வந்த தகவல்களில் பாதிக்கு மேல் இத்தகைய உளவு விமானங்களால் வந்தவை என்று சி.ஐ.ஏ.வின் வரலாற்றாசிரியர் ஜெரால்ட் ஹெயின்ஸ் 1997-ல் வெளியான கட்டுரையில் எழுதினார். இந்தக் கணக்கு மிகை என்று மறுப்பவர்கள் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது கணக்கு அல்ல. பார்த்தவர்களிடம் பனித்துகள், வெப்பநிலைத் தலைகீழ் என்றெல்லாம் விளக்கம் சொல்லி அனுப்பினார்கள் என்பதையும் அதே கட்டுரை சொல்கிறது. உண்மையைப் பார்த்தவனிடம் 'உன் கண்தான் தப்பு' என்று சொல்லப்பட்டது. சொன்ன இடத்தில் விடை இருந்தது.

இது முதலாளித்துவ அரசின் வேலை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1977 செப்டம்பர் 20 விடியலுக்கு முன், சோவியத் ரஷ்யாவின் பெட்ரோசாவோட்ஸ்க் நகரத்து மக்கள் வானில் ஒரு பெரும் ஒளி விரிந்து கதிர்களைப் பொழிந்ததைக் கண்டு நடுங்கினார்கள். பிளிசெட்ஸ்க் ஏவுதளத்திலிருந்து கிளம்பிய 'காஸ்மாஸ் 955' ராக்கெட் அது. ஆனால் பிளிசெட்ஸ்க் என்று ஒரு ஏவுதளம் இருப்பதையே 1983 வரை சோவியத் அரசு ஒத்துக்கொள்ளவில்லை. இல்லாத இடத்திலிருந்து கிளம்பியது எப்படி அடையாளம் பெறும்?

1966 மார்ச்சில் மிச்சிகன் மாநிலத்தில் பல இரவுகள் மக்கள் விளக்குகளைக் கண்டார்கள். பார்த்தவர்களில் கல்லூரி மாணவிகளும் போலீசாரும் உண்டு. விமானப்படையின் ஆலோசகரான வானியலாளர் ஆலன் ஹைனெக், இவற்றில் சில சதுப்பு நில வாயு எரிந்ததாக இருக்கலாம் என்றார். நாடே சிரித்தது, மக்களுக்குக் கோபம் வந்தது. அந்த மாநிலத்தின் பிரதிநிதியும் பிற்காலத்தில் ஜனாதிபதியும் ஆன ஜெரால்ட் ஃபோர்டு நாடாளுமன்ற விசாரணை கேட்டார். அதன் தொடர்ச்சியாகவே கொலராடோ பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் காண்டன் தலைமையில் ஆய்வு நடந்து, 1969 ஜனவரியில் அறிக்கை வந்து, அந்த ஆண்டு டிசம்பரில் புளூ புக் மூடப்பட்டது. ஹைனெக்கின் விளக்கம் சரியாகக்கூட இருந்திருக்கலாம். மக்களுக்கு வலித்தது விளக்கம் அல்ல, தாங்கள் பார்த்தது கேட்கப்படாமலேயே முடிவு வந்துவிட்டதே என்பதுதான். எனக்கு இது புரியும். துவர்த்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற ஒருவரை நான் பார்த்திருக்கிறேன்.

5

1963 தென்னிந்திய வானத்தின் வரலாற்றில் முக்கியமான வருடம். அந்த வருடம்தான் 'கலை அரசி' வந்தது. எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த அந்தப் படத்தில், வேற்றுக் கிரகத்தார் பூமிக்கு வந்து, தங்கள் உலகத்தில் இசை இல்லாத குறையைத் தீர்க்க பானுமதியைக் கடத்திப் போகிறார்கள். அமெரிக்கப் படங்களின் தட்டுகள் குண்டு போட வந்தன. நம்முடையது பாட்டு வாத்தியார் தேடி வந்தது. நான் இதைப் பல வருடம் கழித்து, திருவிழாவுக்குத் திரைகட்டிப் போட்டபோது மணலில் உட்கார்ந்து பார்த்தேன்.

அதே வருடம் நவம்பர் 21, மாலை. திருவனந்தபுரத்துக்கு வடக்கே, தும்பா என்ற கடற்கரையிலிருந்து இந்தியாவின் முதல் ராக்கெட் கிளம்பியது. ராக்கெட் 'நைக்கி அப்பாச்சி', அமெரிக்கா கொடுத்தது. அதன் தலையில் இருந்த சோடியம் ஆவிப் பெட்டி பிரான்சிலிருந்து வந்தது. பூமியின் காந்த நடுக்கோடு தும்பாவுக்கு மிக அருகே போகிறது. அதனால்தான் விக்ரம் சாராபாய் அந்த இடத்தைத் தேர்ந்தார். அங்கே பள்ளித்துறை என்ற மீனவ ஊர் இருந்தது, புனித மரிய மகதலேனா ஆலயம் இருந்தது. ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரேரா மக்களிடம் பேசினார், ஊர் இடம்பெயர்ந்தது, ஆலயம் அலுவலகமாயிற்று. இன்று அது விண்வெளி அருங்காட்சியகம். சைக்கிளில் ராக்கெட் உறுப்பைக் கொண்டுபோகும் புகைப்படத்தை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்தை வைத்து நாம் பெருமைப்படுகிறோம். பெருமைப்பட வேண்டியதுதான். படத்தில் இல்லாதவர்களைப் பற்றி நான் பேசுகிறேன்.

அந்தச் சோதனையின் முறை எளிமையானது. சூரியன் மறைந்து தரையில் இருட்டு கவிகிற நேரத்தில் ராக்கெட்டை அனுப்புவார்கள். எண்பது, நூறு கிலோமீட்டரைத் தாண்டிய உயரத்தில் அது சோடியம் ஆவியை வால்போல விட்டுக்கொண்டே போகும். அங்கே இன்னும் வெயில் இருக்கும். அந்த வெயில் பட்டு சோடியம் அணுக்கள் செம்மஞ்சளாக ஒளிரும். அவ்வளவு உயரத்தில் காற்று எந்தத் திசையில் என்ன வேகத்தில் அடிக்கிறது என்பதைக் கருவி வைத்து அளப்பது கடினம். மேகம் வளைவதைப் பார்த்தால் தெரிந்துவிடும். உயரத்துக்கு உயரம் காற்றின் திசை மாறுவதால் வால் இப்படியும் அப்படியுமாக நெளியும். தரையில் வெவ்வேறு இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் படம் எடுத்து, நட்சத்திரங்களைப் பின்னணியாக வைத்துக் கோடுகளை வெட்டவிட்டு, மேகத்தின் ஒவ்வொரு பகுதியும் எங்கே இருக்கிறது என்று கணக்கிடுவார்கள்.

பாட்டா செய்த கணியம்தான் இது. அங்கே இரண்டு மலையும் கோபுரமும் தென்னந்தோப்பும். இங்கே இரண்டு கேமராவும் நட்சத்திரங்களும்.

1963-க்குப் பிறகும் பல வருடங்கள் சோடியம், பேரியம் ஆவி ஏற்றிய ராக்கெட்டுகள் தும்பாவிலிருந்து அந்தி வேளைகளில் கிளம்பின. எங்கள் ஊரிலிருந்து தும்பா எழுபது கிலோமீட்டர்போல இருக்கும். நூறு கிலோமீட்டருக்கு மேலே ஒளிர்கிற ஒன்று எழுபது கிலோமீட்டரில் தெரியாமல் போகாது. எட்டு வயதில் நான் பார்த்தது அதுதான்.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். யு-2 ரகசியம், பிளிசெட்ஸ்க் ரகசியம். தும்பா ரகசியமல்ல. ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவில், பல நாட்டு விஞ்ஞானிகள் கூடி வேலை செய்த இடம். 1968 பிப்ரவரி 2 அன்று இந்திரா காந்தி அதை ஐ.நா.வுக்கே அர்ப்பணித்தார். முடிவுகள் உலக ஆய்விதழ்களில் அச்சாயின. ஆக, ஒரு பொருளை அடையாளம் தெரியாததாக்க இரண்டு வழி உண்டு என்று தெரிகிறது. ஒன்று மறைப்பது. மற்றது, மறைக்க ஒன்றுமே இல்லாவிட்டாலும், அடியில் நிற்கிறவனிடம் சொல்லத் தோன்றாமல் இருப்பது. முதலாவதைப் பற்றி ஏராளமான நூல்கள் வந்துவிட்டன. இரண்டாவது இன்னும் எழுதப்படவில்லை. அதில் வில்லன் கிடையாது என்பதும் காரணமாக இருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பாட்டாவின் தங்கையைக் கட்டிக்கொடுத்தது பள்ளித்துறையில். கோயிலைக் கொடுத்தது, ஊர் பெயர்ந்தது எல்லாம் எங்கள் வீட்டில் பேசப்பட்ட கதைதான். "மாதாவ எடுத்துட்டு அங்க வாணம் விடுதானுவளாம்" என்று பாட்டி சொல்லி நான் கேட்டிருக்கிறேன். வாணம் விடுகிற இடமும் வானத்தில் வந்த ஒளியும் ஒரே வீட்டுக்குள் இருந்தன. இரண்டையும் இணைக்கிற ஒரு வாக்கியம் மட்டும் எங்களிடம் வந்து சேரவில்லை.

6

அந்த வாக்கியத்தை நான் கண்டுபிடித்தது 1980-களின் தொடக்கத்தில், திருவனந்தபுரத்தில் கல்லூரி படிக்கையில், ஒரு நூலகத்தில். மேல் வளிமண்டலத்தைப் பற்றிய ஆங்கில நூல் ஒன்றில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். இடப்பக்கம் வளைந்து, மேலே வலப்பக்கம் வளைந்த ஒரு வெள்ளைக் கோடு. ஜன்னல் இல்லை. வட்டம் இல்லை. பாம்பு மாரி இருந்தது.

அன்று இரவு அந்த நாற்பது பக்க நோட்டைத் தேடி எடுத்தேன். முதலிலிருந்து படித்தபோது என்னைச் சுட்டது ஜன்னல்கள் அல்ல. பிள்ளைகளுக்கு அது சகஜம். 'சாட்சிகள்' என்று ஒரு தலைப்பு போட்டிருந்தேன். பறக்கும் தட்டு நூல்களில் வருகிற மாதிரி. அவற்றில் சாட்சிகளுக்கு ஒரு வரிசை உண்டு: விமானி, போலீஸ்காரர், பொறியாளர் என்று நம்பத்தகுந்தவர்கள் முதலில். நான் அதில் என் பெயரை மட்டும் எழுதியிருந்தேன். பாட்டாவின் பெயர் இல்லை. மறந்துபோய் விட்டதல்ல. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரைச் சாட்சியாகப் போட்டால் என் தட்டை யாரும் நம்பமாட்டார்கள் என்று யோசித்து விட்டது. பள்ளிக்கூடம் செய்ததையே நானும் செய்திருக்கிறேன். அது ஒருநாள் செய்தது, நான் வருடக்கணக்காகச் செய்தேன்.

ஃபூக்கோ 1976 ஜனவரி உரைகளில் அடக்கப்பட்ட அறிவுகளைப் பற்றிப் பேசுகிறார்: போதாதவை, தாழ்ந்தவை என்று தகுதிநீக்கம் செய்யப்பட்ட, குறிப்பிட்ட இடத்து மக்களின் அறிவுகள். நம் சிறுபத்திரிகைகளில் இந்தக் கருத்து நிறையப் புழங்கிவிட்டது. அதை எடுத்து, பாட்டாவின் அறிவும் விஞ்ஞானிகளின் அறிவும் சமம், இரண்டும் இரண்டு சொல்லாடல்கள் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. அது உண்மையல்ல. அது கப்பல் புகை என்று பாட்டா நினைத்தது தவறு. அது நூறு கிலோமீட்டர் உயரம் என்பது அவருக்குத் தெரிய வழியே இல்லை. சோடியம் அணு எப்படி ஒளிரும் என்பது கடலில் எத்தனை வருடம் கிடந்தாலும் தெரியாது. ஆனால், அந்தக் கோட்டைப் பார்த்து அவர் படித்தது காற்று. அந்த ராக்கெட்டை அனுப்பியவர்கள் படிக்க நினைத்ததும் காற்றைத்தான். கரையில் கூடியிருந்த அத்தனை பேரில், அந்தப் பிரதியை அது எழுதப்பட்ட மொழியிலேயே வாசித்தவர் அவர் ஒருவர். அவரைக் கொண்டாடவேண்டியதில்லை, அவரிடம் சொல்லியிருந்தால் போதும்.

விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது சொன்னேன். கண் மங்கிவிட்டது, காது நன்றாகக் கேட்கும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ கப்பலு இல்ல" என்றார். கொஞ்சம் ஏமாற்றம்தான். பிறகு, "காத்து?"

"காத்து நீங்க சொன்னதுதான் பாட்டா. உயரத்துக்கு உயரம் மாறி அடிச்சிருக்கு."

சிரித்தார். உடனே நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்: "அம்புட்டு ஒசரத்துலயும் காத்து உண்டுமா மக்கா? அந்தக் காத்து கடலுக்கு எறங்குமா?"

எனக்குத் தெரியவில்லை. படித்துச் சொல்கிறேன் என்றேன். படித்தேன், ஆனால் சொல்வதற்கு அவர் இல்லை. பதில் இதுதான்: இறங்காது. அந்த உயரத்துக் காற்று நம் கடலை ஆட்டுவதில்லை. மாறாக, கீழே வளிமண்டலத்தில் எழுகிற அலைகள், புயலிலும் இடிமேகத்திலும் பிறக்கிறவை உட்பட, மேலேறி அந்த உயரத்துக் காற்றை அசைக்கின்றன.

7

2024 மார்ச்சில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஒரு வரலாற்று அறிக்கை வெளியிட்டது. 1945 முதல் நடந்த விசாரணைகளை ஆராய்ந்து, வேற்றுக் கிரகத் தொழில்நுட்பத்துக்கு எந்தச் சான்றும் இல்லை என்றது. அந்தக் காலத்துத் தகவல்களில் ஒரு பகுதி, மக்கள் அதுவரை கண்டிராத புதிய விமானங்களையும் ராக்கெட்டுகளையும் கண்டு சொன்னவை என்றும் சொன்னது. யாரும் பெரிதாக நம்பவில்லை. ஏழு தசாப்தமாக 'உன் கண் தப்பு' என்று சொன்ன வாய், இப்போது 'உன் கண் சரிதான், விளக்கம்தான் தப்பு' என்று சொன்னால் யார் கேட்பார்கள்? பறக்கும் தட்டு நம்பிக்கையை மூடநம்பிக்கை என்று மட்டும் படிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பார்த்ததைச் சொல்லி அவமானப்பட்டவர்களின் கோபம் அதற்குள் கிடக்கிறது. நானும் அந்தக் கோபத்தில் கொஞ்ச நாள் குடியிருந்தேன்.

வானத்தைப் பற்றிய பேச்சு மேலேயிருந்து கீழே வந்து சேராமல் போவது சிறுபிள்ளையின் நோட்டோடு முடிகிற விஷயம் அல்ல. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலில் திரண்டது. அதற்குள் நம் தேசத்துக்குச் சொந்தமாகச் செயற்கைக்கோள்கள் இருந்தன. தும்பாவில் தொடங்கியதன் வளர்ச்சி அவை. புயல் என்ற அறிவிப்பு வந்தபோது எங்கள் கரைகளிலிருந்து போன பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தார்கள். திரும்பாதவர்களின் படங்கள் பக்கத்து ஊர்களில் வீட்டுக்கு வீடு தொங்குகின்றன. காற்றைப் படிப்பதற்காக ஒரு மீனவ ஊரை எழுப்பிவிட்டு, ஐம்பத்து நான்கு வருடம் கழித்து, காற்றைப் பற்றிய செய்தி மீனவனுக்கு நேரத்தில் போய்ச் சேரவில்லை.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் 'சாட்சிகள்' என்ற தலைப்பின் கீழே, என் பெயருக்கு மேலே, பாட்டாவின் பெயரை எழுதினேன். பக்கத்தில் தொழில் என்ற கட்டத்தில் மீன்பிடித்தல் என்று போட்டேன். கண்டது என்ற இடத்தில், ஜன்னல்களை அடித்துவிட்டு, அவர் சொன்னதை அப்படியே எழுதினேன்: அடியில ஒரு காத்து, அதுக்கு மேல எதுத்தாப்புல இன்னொரு காத்து.